மூன்று மணிக்கே

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
நேரடித் தொடர்பு, மணிக்கணக்கில்.
நூற்றிருபது நிரம்பினால்தான் தேர்வு.
அதற்கப்புறம் ஒரு நாள்
யாரோ என் எதிரே உட்கார்ந்து அழுவார்,
நான் டிஷ்யூ பெட்டியை மெல்ல நகர்த்துவேன்.

இப்போதைக்கு நகர்த்துவது பெஞ்சுகளை.
காசிமேடு, ஐஸ் அரைக்கும் கடைக்கு மேல் மாடி.
மெஷின் ஓடினால் தரை நடுங்கும்,
வாட்டர் கலர் கிண்ணங்களில் வட்டவட்டமாய் அலை.
கதை சொல்ல வருகிறவர் அப்போது நிறுத்திக்கொள்வார்.
பிள்ளைகள் நிறுத்த மாட்டார்கள்.

முதல் மாதம் எல்லாவற்றுக்கும் அர்த்தம் கண்டுபிடித்தேன்.
ரூஃபஸ் வரைந்த வீட்டில் கதவில்லை.
ஒதுங்கல்? பாதுகாப்பின்மை? என்று எழுதிவைத்தேன்.
கேள்விக்குறி என்னுடையது,
தைரியம் பாடப்புத்தகத்தினுடையது.
"கதவு அந்தாண்ட கீது மிஸ்.
நீங்க ரோட்டாண்ட நின்னு பாக்கறீங்கோ."
ஹவுசிங் போர்டுக்குப் போய்ப் பார்த்தேன்.
அந்தாண்டதான் இருந்தது,
சாக்பீஸில் யாரோ எழுதிய கோலிக் கடன் கணக்கோடு.

பெர்சிஸ் பேச மாட்டாள். அவள் கையில் மாட்டிய காலுறை பேசும்.
அதற்கு இரண்டு பட்டன் கண்கள்,
ஒன்று என் சுடிதாரிலிருந்து போனது.
காலுறைக்கு என்னைப் பிடிக்காது.
"இந்த மிஸ்ஸு எல்லாத்தியும் எழுதுது" என்று
மற்ற காலுறைகளிடம் கோள் சொல்லும்.

ஏப்ரல் பாதியில் தடைக்காலம்.
விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக் கட்டிக்கிடந்தன.
கீழே மெஷின் நின்றது,
கிண்ணங்களில் தண்ணீர் அசையவில்லை.
ரூஃபஸின் அப்பா வந்து
பொம்மலாட்டத் திரைக்குப் பழைய வலை கட்டித் தந்தார்,
டீ மட்டும் குடித்தார்.
நாலு மணி வகுப்புக்கு
மூன்று மணிக்கே படியில் உட்கார்ந்திருந்தார்கள்,
பசை டப்பாவிலேயே காய்கிற வெயிலில்,
யுவஸ்ரீ, லோகித், இடுப்பில் தம்பியோடு பெர்சிஸ்.

எழுதினேன்: பங்கேற்பில் ஆர்வம் கூடியிருக்கிறது.
மேற்பார்வையாளர் பச்சை மையில் டிக் அடித்தார்.
ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டே
அம்மாவுக்கு போன் செய்து பீற்றிக்கொண்டேன்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ,
கத்தரிக்கோல்களை எண்ணிக்கொண்டிருந்தபோது
காலுறை என் முழங்கையைத் தட்டியது.
"மூணு மணிக்குதான் அவரு எழுந்துக்குறாரு."
யாரு?
"ஊட்ல கீறவரு. இப்ப கடலு இல்ல இல்ல."
அவ்வளவுதான். காலுறை கழன்று
வெறும் கையாகி
தம்பியின் வாயிலிருந்து கிரேயானைப் பிடுங்கியது.

என்னிடம் வாக்கியங்கள் இருந்தன,
மூன்றாம் செமஸ்டரில் மனப்பாடம் செய்தவை.
ஒன்றுகூட காலுறையிடம் சொல்லத் தோதாக இல்லை.
"ம்" என்றேன்.
எண்ணிக்கை தப்பிப்போய்
கத்தரிக்கோலை ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

அன்று மாலையே சொல்ல வேண்டியவரிடம் சொன்னேன்.
அதற்கும் ஒரு படிவம் உண்டு, நீல நிறம்.
ஆட்கள் வருவார்கள் என்றார்கள். வந்தார்கள்,
வருகிற வேகத்தில்.
"ஆர்வம்" என்ற சொல்லை அடித்தேன்.
பக்கத்தில் எதை எழுதுவதென்று தெரியாமல்
அடித்த கோட்டையே இன்னொரு முறை அடித்தேன்.

மறுநாளிலிருந்து இரண்டரைக்கே சாவியோடு போனேன்.
வகுப்பு கிடையாது, பயிற்சி கிடையாது.
ஃபேன் ஓடும். சிலர் தூங்குவார்கள்.
லோகித் காகிதத்தைக் கிழித்துக்கொண்டே இருப்பான்,
நான் பெருக்கிக்கொண்டே இருப்பேன்.
மூன்றிலிருந்து நான்கு வரை
படிவத்தில் கட்டமில்லை. கேட்டுப் பார்த்தேன்,
அமர்வு அல்லாதது சேராது என்றார்கள்.
சரிதான். அது சேராது.

ஜூன் பாதியில் தரை மறுபடி நடுங்கியது,
கிண்ணங்களில் அலை.
மூன்று மணிக்குப் படியில் ஒருவருமில்லை.
பழக்க தோஷத்தில் நான் மட்டும் வந்திருந்தேன்.
நாலரைக்கு ஓடிவந்தாள் பெர்சிஸ்,
கன்னத்தில் ஒதுக்கிய மாங்காய்,
இடுப்பில் தம்பி இல்லை.
காலுறை எங்கே என்று நான் கேட்கவில்லை.
பதிவேட்டைப் புரட்டி அவள் பெயருக்கு நேரே
லேட் என்று
அழுத்தி எழுதினேன்.